பழுதுற்ற மடிக்கணினி: செப்பனிடுவதா, புதிது வாங்குவதா?

பெரிய நிக்கோபார்த் தீவின் கீழ்க்கரையில் கேம்பல் பே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குப் பணிபுரியும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மடிக்கணினி ஒரு நாள் காலையில் இயங்க மறுக்குமானால், அவர் முன் எழும் வினா, சென்னையிலோ மதுரையிலோ வாழும் ஆசிரியர் முன் எழும் வினாவினின்றும் பெரிதும் வேறுபட்டதாகும். மதுரையில் இருப்பவர் மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று இரண்டு மூன்று பழுதுபார்ப்போரை விசாரித்து, மறுநாளே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். கேம்பல் பேயில் இருப்பவரோ கப்பலின் புறப்பாட்டு அட்டவணையை முதலில் நோக்க வேண்டியவராகிறார். 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் வழங்கும் போர்ட் பிளேயர் நகரம் அவருக்கு வடக்கே கடல்வழியாக 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்தோனீசியாவின் சுமத்ராத் தீவு அதைவிட அண்மையில் உள்ளது.

1969-ஆம் ஆண்டு முதல் ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடும்பங்கள் இத்தீவில் குடியேற்றப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம் முதலிய மாநிலத்தாருடன் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். காடு திருத்திய அந்நாளில், உடைந்த கருவியைத் தாமே செப்பனிட்டுக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. மண்வெட்டியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் சீராக்கக் கொல்லுலையும் கைத்திறனும் போதும். ஒரு மில்லிமீட்டரிற் பாதி இடைவெளியில் நூற்றுக்கணக்கான கம்பிக்கால்கள் வரிசையாக நிற்கும் மின்னணுப் பலகைக்கு இவை போதா. ஆகவே, எதனைச் செப்பனிடலாம், எதனைக் கைவிட வேண்டும் என்பதை அறிவியல் முறையில் ஆய்ந்து முடிவு செய்யும் தேவை இங்கு மிகுதியாகும்.

உப்பும் ஈரமும்

கடற்கரையில் மின்னணுச் சாதனங்கள் விரைவிற் கெடுகின்றன என்பது அனைவரும் அறிந்த அனுபவம். அதன் காரணம் அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை.

அலைகள் கரையில் மோதிச் சிதறும்போது நுண்ணிய நீர்த்திவலைகள் காற்றிற் கலக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. திவலையின் நீர் ஆவியாகிப் போனபின் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் மட்டும் காற்றில் மிதக்கிறது. மடிக்கணினியின் உள்ளே உஷ்ணத்தை வெளியேற்ற அமைந்த சிறு விசிறி, வெளிக்காற்றை இழுக்கும்போது அத்துகளையும் சேர்த்தே உள்ளிழுத்துப் பலகையின்மீது படியச் செய்கிறது.

உலர்ந்த உப்பினால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் சோடியம் குளோரைடு என்னும் சாதாரண உப்புக்கு ஓர் இயல்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும், அது காற்றிலுள்ள நீராவியைத் தானே கவர்ந்து கரைசலாக மாறிவிடுகிறது. மழைக்காலத்தில் அடுக்களையின் உப்புச் சாடி கசிவதற்கும் இதுவே காரணம். கடலுப்பில் உடன் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே நீரைக் கவரத் தொடங்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் பெரிய நிக்கோபாரில், காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. எனவே அங்குள்ள மடிக்கணினியின் பலகைமீது படிந்த உப்பு, ஆண்டின் பெரும்பகுதியில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகவே இருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை.

இப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். அருகருகே உள்ள இரண்டு செப்புப் பாதைகளுள் ஒன்றில் நேர்மின் அழுத்தமும் மற்றதில் எதிர்மின் அழுத்தமும் இருக்குமாயின், நேர்முனையிலுள்ள உலோகம் கரைந்து அயனிகளாகி எதிர்முனையை நோக்கி நகர்ந்து அங்கே மீண்டும் படிகிறது. படியும் உலோகம் மரக்கிளை போலக் கிளைத்து வளர்ந்து, இறுதியில் இரு பாதைகளையும் இணைத்துவிடுகிறது. முலாம் பூசும் பட்டறையில் பயன்படுவதும் இதே விதிதான். கரைந்த முனையில் பச்சை நிறக் களிம்பு தோன்றும். பழைய செப்புப் பாத்திரத்தில் காணும் களிம்புக்கு இது உறவே.

இங்கு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மடிக்கணினியை நிறுத்திவிட்டால் மின்சாரம் முழுதும் நின்றுவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். மின்கலம் பொருத்தப்பட்டிருக்கும் வரை, விசையைத் தொட்டவுடன் விழித்தெழுவதற்கென்று சில பாதைகளில் எப்போதும் சிறிதளவு மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே உறங்கும் இயந்திரத்திலும் அரிப்பு நடைபெறும். சொல்லப்போனால், இயங்கும் இயந்திரத்தைவிட உறங்கும் இயந்திரத்துக்கே ஆபத்து அதிகம். வெளிக்காற்று 28 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உடையதாகக் கொள்வோம். அதே காற்று இயந்திரத்துக்குள் 38 பாகைக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 48 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது; உப்பு உலர்கிறது. பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் பெட்டியில் பூட்டி வைத்த கணினி, திறந்தவுடன் பழுதாகிக் கிடப்பதன் இரகசியம் இதுவே. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் இயக்கப்படும் கணினி நெடுநாள் உழைக்கும்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்துவரும்போதும் இத்தகைய தொல்லை நேர்கிறது. மேற்கூறிய காற்று 25 பாகைக்குச் சற்று மேலேயே பனித்துளியாகப் படியத் தொடங்கும். 22 பாகையில் குளிர்ந்திருந்த கணினியை வெளியே கொணர்ந்து உடனே இயக்கினால், அதன் உட்புறம் வியர்த்த நிலையில் மின்சாரம் பாய்கிறது. உறையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து, பின்னர் திறப்பது நலம்.

நீர் பட்டவுடன் செய்யத்தக்கவை

படகிலிருந்து பை நழுவி நீரில் விழுதல், கூரை ஒழுகுதல், தேநீர் கவிழ்தல் ஆகியவை அன்றாட விபத்துக்கள். இவற்றுள் வெறும் மழைநீர் ஓரளவு பொறுக்கத்தக்கது. சர்க்கரையும் பாலும் கலந்த தேநீர் அதனினும் தீயது. கடல்நீர் அனைத்திலும் கொடியது.

இயந்திரத்தை உடனே நிறுத்துதல், சார்ஜரைப் பிடுங்குதல், இயலுமாயின் மின்கலத்தின் இணைப்பை விலக்குதல் ஆகிய மூன்றும் முதல் சில நிமிடங்களிலேயே செய்யப்பட வேண்டும். 'இயங்குகிறதா பார்ப்போம்' என்று விசையை அழுத்திப் பார்க்கும் ஆவலே பல கணினிகளின் முடிவுக்குக் காரணமாகிறது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தால் யாதொரு பயனும் இல்லை. நீர் மெல்ல உலரக்கூடும். ஆனால் உப்பு பலகைமேலேயே தங்கிவிடும். உலர்த்துவதற்குமுன் கழுவ வேண்டும் என்பதே சரியான முறை. பழுதுபார்ப்போர், பலகையைத் தனியே கழற்றி எடுத்து, முதலில் வாலைவடிநீராலும் பின்னர் செறிவு மிகுந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் மென்மையான தூரிகை கொண்டு கழுவுகின்றனர். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் இதற்கு ஏற்றது. கைகளைத் தூய்மை செய்யும் திரவங்களில் கிளிசரினும் நறுமணப் பொருள்களும் கலந்திருப்பதால் அவை ஏற்றவை அல்ல. திரையையும் மின்கலத்தையும் எக்காரணம் கொண்டும் கழுவலாகாது.

இதனைச் செய்யும் கைப்பழக்கமுடையார் அருகில் இருந்தால், கடல்நீர் பட்ட கணினியும் பிழைப்பதுண்டு. இரண்டு வாரம் கழித்துக் கப்பலேற்றி அனுப்பப்படும் கணினி பிழைப்பது அரிது. முன்னரே பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் அல்லது அலுவலகத்திலும் இருப்பது எத்துணை நன்மை பயக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பதிவுகளைக் காத்தல்

கணினிக்கு விலை உண்டு. அதிலுள்ள பதிவுகளுக்குப் பல வேளைகளில் விலை கூற இயலாது. கலத்தியா விரிகுடாவின் மணற்கரையில் முட்டையிட வரும் பேராமைகளைக் களப்பணியாளர் ஒருவர் இரவுதோறும் எண்ணிக் குறித்துவைக்கிறார் எனக் கொள்வோம். அந்தப் பருவம் கடந்தபின் அக்கணக்கை மீண்டும் எடுக்க வழியில்லை. ஆமைகள் அவருக்காகத் திரும்பி வரப்போவதில்லை. ஆசிரியரின் மதிப்பெண் பட்டியல்களும், ஆண்டுக்கணக்கில் தொகுத்த பாடக்குறிப்புகளும் இத்தகையனவே.

ஆதலால், செப்பனிடுவதா கைவிடுவதா என்னும் ஆராய்ச்சிக்கு முன், சேமிப்பகத்தைத் தனியே பிரித்தெடுக்க இயலுமா என்று பார்த்தல் வேண்டும். பழைய கணினிகளில் வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அண்மைக் காலத்தனவற்றில் சிறு பலகை வடிவான திண்மச் சேமிப்பகம் இருக்கும். இரண்டையும் திருகாணியை நீக்கிக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படிக்கலாம். மிக மெல்லிய சில வகைகளில் மட்டும் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பலகை போனால் பதிவும் போயிற்று. கடல்நீரில் மூழ்கிய வன்தட்டை வீட்டில் உலர்த்தி இயக்கிப் பார்த்தல் கூடாது. உலர்ந்த உப்பு அதன் தகட்டைக் கீறிவிடும். ஈரம் காயாதவாறு உறையிலிட்டு மூடி, மீட்புக்கூடத்துக்கு அனுப்புவதே முறை.

புதிய கணினிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. பதிவுகள் திருடப்படாதிருக்கும் பொருட்டு, பிட்லாக்கர் போன்ற ஏற்பாட்டினால் அவை மறைகுறியாக எழுதப்படுகின்றன. அதன் திறவுகோல் தாய்ப்பலகையிலுள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பலகையை மாற்றினாலும், சேமிப்பகத்தை வேறு கணினியில் இணைத்தாலும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் கேட்கப்படும். அது கையில் இல்லையெனில் தேர்ந்த வல்லுநராலும் பதிவுகளைப் படிக்க இயலாது. கணினி நலமாக இருக்கும்போதே அவ்வெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க.

2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கம்பி, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையதாய்ப் பெரிய நிக்கோபாரையும் எட்டியுள்ளது. அதற்கு முன்னர் செயற்கைக்கோள் வழியான மெதுவான தொடர்பே இருந்தது. பதிவுகளின் படியொன்றைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் வைப்பது இப்பொழுது இயலக்கூடிய காரியமாகிவிட்டது. ஆயினும் ஒரு படியைக் கைக்கடக்கமான வெளிச் சேமிப்பகத்திலும் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

எந்த உறுப்பு பழுதுற்றது?

'கணினி கெட்டுவிட்டது' என்னும் சொற்றொடர் மிகப் பொதுப்படையானது. கெட்ட உறுப்பு எது என்று அறிந்த பின்னரே கணக்கிட முடியும்.

சார்ஜரும் அதன் கம்பியும் முதலில் ஐயுறத்தக்கன. டீசல் இயந்திரங்களால் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கப்படும் தீவில் மின்னழுத்தம் ஏறியிறங்குவது வழக்கமாதலால், கணினி கெட்டதாகக் கருதப்படும் பல வேளைகளில் உண்மையில் கெட்டிருப்பது சார்ஜரே. நண்பரிடமிருந்து அதே வகைச் சார்ஜரை வாங்கிச் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திரை இருண்டிருந்தால் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். வெளித்திரையில் படம் தெரியுமானால் தாய்ப்பலகை நலமாக இருக்கிறது என்பது பொருள். திரையின் பின்புறம் அச்சிடப்பட்ட வகை எண்ணைக் குறித்து அனுப்பினால் ஏற்ற மாற்றுத்திரை கிடைக்கும். நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகிய அளவிலேயே உயிர்பெற்ற கணினிகள் பல. ஈரக்காற்று அதன் தொடுமுனைகளைப் பாழ்படுத்துவதே காரணம்.

கீல் உடைதல் சிறு பழுது போலத் தோன்றும். உண்மையில், உலோகக் கீலைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் பெயர்ந்துவிடுகின்றன. கவனியாமல் திறந்து மூடினால் திரைக்குச் செல்லும் கம்பியும் அறுபடும். நூறு ரூபாய்ப் பசையைக் கொண்டு தீர்க்க வேண்டிய பழுது ஐயாயிரமாக வளரும்.

மின்கலத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை நிறைந்து குறைந்தபின் தன் கொள்ளளவிற் கணிசமான பகுதியை இழப்பது இயற்கை. உஷ்ணமும், எந்நேரமும் முழுமையாக மின்னேற்றி வைத்தலும் அதனை விரைவுபடுத்தும். பல கணினிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. விண்டோஸ் இயக்க அமைப்பிலேயே மின்கல அறிக்கை தயாரிக்கும் கட்டளை உள்ளது. ஆரம்பக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் அதில் ஒப்பிட்டுக் காணலாம். பாதியளவுக்குக் குறைந்த மின்கலத்தை மாற்றுதல் தகும். அதற்காகக் கணினியையே மாற்றுவது, விளக்கில் எண்ணெய் தீர்ந்ததற்காக விளக்கையே எறிவதை ஒக்கும்.

ஆனால் மாற்று மின்கலத்தைத் தீவுக்குக் கொணர்வது எளிதன்று. தீப்பற்றும் அபாயம் கருதி, தனியாகக் கட்டப்பட்ட லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை, அனைத்துலகக் குடிமை விமானப் போக்குவரத்து நிறுவனம் 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்தது. சாதனத்தின் உள்ளே பொருத்தப்பட்டதற்கு இத்தடை இல்லை. 100 வாட்-மணிக்கு உட்பட்ட உதிரி மின்கலத்தைப் பயணி ஒருவர் தம் கைப்பையில் கொண்டுவர விதிகள் இடமளிக்கின்றன. பொதுவான மடிக்கணினி மின்கலங்கள் 40 முதல் 60 வாட்-மணி வரையுள்ளவை. எனவே விடுப்பில் சென்னைக்குச் சென்று திரும்பும் உடன்பணியாளர் ஒருவரிடம் சொல்லிவைப்பது, தீவில் பலரும் நாடத்தக்க எளிய வழி. உப்பிப்போன மின்கலம் எவ்வகையிலும் விமானத்தில் ஏற்றத்தக்கதன்று.

எஞ்சியிருப்பது தாய்ப்பலகையின் பழுது. பலகை முழுவதையும் மாற்றுவது ஒரு முறை. கெட்ட ஒரு சில்லை மட்டும் வெப்பக்காற்றால் இளக்கி எடுத்து வேறொன்றைப் பற்றவைப்பது மற்றொரு முறை. பின்னையதைச் செய்யும் தேர்ச்சி பெற்றோரைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் காணலாம். செலவு குறையும், ஆனால் நீர்பட்ட பலகையில் இன்று ஒரு சில்லும் மூன்று மாதத்தில் மற்றொரு சில்லுமாகக் கெடும் வாய்ப்பு உண்டு.

கணக்கிடும் முறை

பழுதுபார்க்கும் செலவு புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்குக என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. நினைவிற் கொள்ள எளிதான இவ்விதி, இரண்டு பக்கமும் பிழைபடக்கூடியது. செலவிடும் பணம் எத்தனை ஆண்டு உழைப்பை ஈட்டித் தரும் என்பதை அது நோக்குவதில்லை. ஓராண்டு உழைப்புக்கு ஆகும் செலவைக் கண்டு ஒப்பிடுவதே தக்க முறை.

எடுத்துக்காட்டாக, புதிய கணினியின் விலை 50,000 ரூபாய் எனவும், அது ஐந்து ஆண்டு உழைக்கும் எனவும் கொள்வோம். ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டு பழையதொரு கணினிக்கு மின்கலம் 4,500, விசைப்பலகை 2,500, போக்குவரத்தும் கூலியும் 3,000 ஆக மொத்தம் 10,000 ரூபாய் செலவாகும் எனவும், அதன்பின் இரண்டு ஆண்டு அது உழைக்கும் எனவும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு 5,000 ரூபாயே. செப்பனிடலாம். அதே கணினியின் தாய்ப்பலகையை மாற்ற 27,000 ரூபாய் ஆகுமாயின், ஆண்டுக்கு 13,500 ஆகிறது. கைவிடலாம். இதுவரை பாதிவிலை விதியும் இதே விடையைத்தான் தரும்.

வாங்கி ஓராண்டே ஆன கணினியின் பலகை கெட்டு, அதே 27,000 ரூபாய் செலவாகும் எனக் கொள்வோம். இன்னும் நான்கு ஆண்டு உழைக்குமாதலால் ஆண்டுக்கு 6,750 ரூபாயே ஆகும். பாதிவிலை விதி எறியச் சொல்கிறது. கணக்கோ செப்பனிடச் சொல்கிறது. ஆறு ஆண்டு பழைய கணினி ஒன்றுக்கு 9,000 ரூபாய் செலவிட்டு ஆறு மாத உழைப்பே கிடைக்குமாயின், ஆண்டுக்கு 18,000 ஆகிறது. இங்கே விதி செப்பனிடச் சொல்கிறது, கணக்கு மறுக்கிறது.

பழுது தீருமா என்பதே ஐயமாயின், அந்த ஐயத்தையும் எண்ணிற் சேர்த்துக்கொள்ளலாம். பத்தில் ஆறு பங்கு வெற்றி வாய்ப்பே இருக்குமானால், இரண்டாண்டு உழைப்பு 1.2 ஆண்டாகக் குறைகிறது. 10,000 ரூபாய்ச் செலவு ஆண்டுக்கு 8,300 ரூபாயை நெருங்குகிறது. முன்னர் அக்கணினிக்காகச் செலவழித்த தொகையை இக்கணக்கிற் சேர்த்தல் கூடாது. 'சென்ற ஆண்டுதானே எட்டாயிரம் செலவிட்டோம்' என்னும் ஏக்கம், மேலும் எட்டாயிரத்தைக் கைவிடச் செய்யும்.

தீவில் இருப்பார்க்குப் போக்குவரத்தே பெருஞ்செலவு. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் பழமொழி, இருநூறு ரூபாய்க் கம்பிக்காகக் கணினியைச் சென்னைக்கு அனுப்பும்போது உண்மையாகிறது. அதனால் பழுதின் இயல்பைப் படத்துடன் எழுதித் தெரிவித்து, உறுப்பை மட்டும் வரவழைத்துக்கொள்வது சிக்கனமானது. காத்திருக்கும் காலமும் ஒரு செலவே. தேர்வு முடிந்த மாதத்தில் ஆறு வாரக் காத்திருப்பு பொருட்டாகாது. ஆமைகள் கரையேறும் பருவத்திலோ, பொதுத்தேர்வுக்கு முந்திய மாதத்திலோ அது தாங்கவொண்ணாதது. அப்போது ஒரு பழைய கணினியை இரவல் பெற்று வேலையைத் தொடர்ந்துகொண்டு, பழுதுபார்க்க அனுப்புவதே பெரும்பாலும் சிறந்தது.

அரசுக்குச் சொந்தமான கணினியாயின் அதற்குரிய விதிகள் உள்ளன. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மடிக்கணினியின் பயன் ஆயுளை மூன்று ஆண்டாகக் கொள்கிறது. இது தேய்மானக் கணக்குக்காக ஏற்பட்டது. மூன்றாண்டு முடிந்தவுடன் எறிந்துவிடுக என்பது அதன் கருத்தன்று. துணைச் செயலாளர் நிலை முதலிய மத்திய அரசு அதிகாரிகளுக்கு மடிக்கணினி முதலியன வழங்குவது குறித்துச் செலவினத் துறை 2023 ஜூலை 21 அன்று பிறப்பித்த குறிப்பாணை, நான்கு ஆண்டுக்குள் மற்றொரு சாதனம் அனுமதிக்கப்படலாகாது என்கிறது. சிக்கனமாகச் செப்பனிட இயலாத அளவுக்கு அது பழுதுற்றிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. களப்பணியாளரின் கணினி அலுவலக இருப்புப் பதிவேட்டைச் சேர்ந்ததாதலால், பழுது நேர்ந்த நாளையும், பழுதுபார்ப்போர் எழுத்து மூலம் தந்த மதிப்பீட்டையும் கோப்பில் சேர்த்தே மேல்நடவடிக்கை எடுத்தல் வேண்டும். அனுமதியின்றித் தாமே திறத்தல் முறையன்று. நீர்பட்டவுடன் மின்கலத்தை விலக்குவது மட்டும், ஆபத்துக் காலத்தில் செய்யும் முதலுதவியாகக் கருதத்தக்கது.

மென்பொருளின் மூப்பு

உறுப்புக்கள் யாவும் நலமாயிருந்தும் ஒரு கணினி மூப்படைந்துவிடலாம். விண்டோஸ் 10 இயக்க அமைப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லின் குறிப்பிட்ட பதிப்பையும், இன்டெல் வகையாயின் எட்டாம் தலைமுறைச் செயலியையும் வேண்டுகிறது. ஏறத்தாழ 2017-க்கு முன் செய்யப்பட்ட கணினிகள் இவ்வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அத்தகைய கணினிக்குப் பெருஞ்செலவு செய்து பலகை மாற்றுவது பொருந்தாது.

எனினும் அவற்றைக் குப்பை எனத் தள்ள வேண்டுவதில்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் பிரிவு உருவாக்கிய பாஸ் என்னும் இயக்க அமைப்பு லினக்ஸ் வகையைச் சேர்ந்தது, இலவசமானது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கக் கூடியது. வன்தட்டை நீக்கித் திண்மச் சேமிப்பகம் பொருத்தி, இத்தகைய அமைப்பை நிறுவினால், நத்தை வேகத்தில் ஊர்ந்த கணினி மாணவர் பயிலவும் கட்டுரை தட்டெழுதவும் போதிய விரைவு பெறுகிறது. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் இம்மாற்றத்துக்கு ஈடான வேறு சீரமைப்பு இல்லை எனலாம்.

புதிது வாங்குவோருக்கு

புதிதே வாங்குவது என்று முடிவான பின், அடுத்த பழுதைப் பற்றி அன்றே எண்ணுதல் வேண்டும். நினைவகமும் சேமிப்பகமும் கழற்றக்கூடியனவா, மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டதா பசையால் ஒட்டப்பட்டதா என்று வினவுக. வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம் கேம்பல் பேயின் அஞ்சல் குறியீட்டுக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் பெறுக. சாதாரண உத்தரவாதம் நீர்பட்ட பழுதையும் விழுந்த பழுதையும் ஏற்பதில்லை.

பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினிகளின் விலைச்சீட்டருகே, அவற்றைச் செப்பனிடும் எளிமை பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறிக்கப்படுகிறது. நம் நாட்டில் நுகர்வோர் நலத் துறை செப்பனிடும் உரிமை குறித்து 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. இத்தகைய மதிப்பெண் முறை குறித்து 2024-இல் நியமிக்கப்பட்ட மற்றொரு குழு 2025-இல் அறிக்கை அளித்தது.

கைவிடப்பட்ட கணினி

உலகில் 2022-ஆம் ஆண்டில் தோன்றிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என ஐக்கிய நாடுகளின் சார்பு நிறுவனங்கள் மதிப்பிட்டன. முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே. மடிக்கணினி ஒன்று தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிவளிகளிற் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் முன்னரே உண்டாகிவிடுகிறது. எனவே இருக்கும் கணினியை ஈராண்டு கூடுதலாக உழைக்கச் செய்வது, பணப்பைக்கு மட்டுமன்றிக் காற்றுக்கும் நன்மையாகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இக்கழிவு பதிவுபெற்ற மறுசுழற்சியாளரையே சென்றடைய வேண்டும். தீவில் அதனைப் புதைத்தலும் எரித்தலும் கூடா. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெரிய நிக்கோபாரின் மண்ணில் ஈயமும் கன உலோகங்களும் கலப்பதைப் பற்றிக் களப்பணியாளருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த கப்பலில் அனுப்பும் வரை, சேமிப்பகத்தைத் தனியே கழற்றி வைத்துக்கொண்டு, நினைவகப் பட்டை, விசிறி, சார்ஜர், திருகாணிகள் ஆகியவற்றை அலுவலகத்தார் ஒப்புதலுடன் உதிரியாகப் பெயரெழுதி வைக்கலாம். அதே வகைக் கணினி ஊரில் வேறொருவரிடம் இருக்கக்கூடும். உப்பிய மின்கலம் இருப்பின், அதனைக் குத்தாமலும் அமுக்காமலும், அதன் முனைகளைக் காப்பு நாடாவால் மூடி, உலர்ந்த மணல் நிரம்பிய உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே மழைபடாத நிழலில் வைத்தல் வேண்டும்.